கன்வீனர் கண்ட குப்பை

எங்கள் பல்கலைக்கழகத்தில் கமிட்டி போடுவதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர்தான் கன்வீனர். அன்று எனக்குப் பல்வலி என்று சொல்லியிருந்தேன். பல் நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தது. 'வளாகத்தில் முறைகேடாகக் கொட்டப்படும் கழிவுகளின் மேலாண்மை குறித்த உள்தணிக்கைக் குழு.' அவ்வளவு நீளத் தலைப்புக்கு அடியில் என் பெயர். நான் பொருளாதாரம் நடத்துகிறவன். காலையில் மாநகராட்சி பேட்டரி வண்டி தெருமுனைக்கு வரும்போது கைலியோடு பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் குப்பைக்கும் எனக்கும் உள்ள உறவு. அதிலும் பாதி நாள் வண்டிதான் ஜெயிக்கும்.

எல்லாம் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வரப்போகிற கலக்கம். கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே வயிறு என்ன செய்யும் என்று தெரியும். ஏழாவது கிரைட்டீரியனில் திடக்கழிவு, திரவக் கழிவு, மருத்துவக் கழிவு, இ-வேஸ்ட், ரசாயனக் கழிவு என்று ரகம் பிரித்துக் கேட்பார்கள். கிரீன் ஆடிட் நடந்ததா என்பார்கள். சொல்லும் எதற்கும் ஜியோடேக் போட்ட போட்டோ வேண்டும். உள்தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசியின் மேடம் என்னைக் கூப்பிட்டு, "சார், ரிப்போர்ட் எப்படியோ இருக்கட்டும், போட்டோ பளிச்னு இருக்கணும்" என்றார். என் ரிப்போர்ட்டுகளை அவர் முன்பே படித்திருக்கிறார்.

தணிக்கை என்றால் செக்லிஸ்ட் வேண்டுமே. வேறொரு பல்கலைக்கழகத்துடையதை நெட்டிலிருந்து இறக்கி, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டேன். 'கடற்கரை மணலில் கழிவுகள் கிடக்கின்றனவா?' என்று அதில் ஒரு கேள்வி. எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க பஸ்ஸில் அரை நாள் போக வேண்டும். 'இல்லை' என்று டிக் அடித்தேன். அந்தப் பிரிவில் நாங்கள் நூற்றுக்கு நூறு.

மற்ற கேள்விகளும் லேசானவைதான். தொட்டி உண்டா? உண்டு. பச்சை, நீலம் என்று இரண்டு நிறத்தில் உண்டா? உண்டு. பச்சையில் ஈரக்குப்பை, நீலத்தில் உலர்குப்பை என்பதை மட்டும் அறிக்கை முழுக்க மாற்றி எழுதிவிட்டேன். கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. தொட்டிகளை எட்டிப்பார்த்தால் அப்படி எழுதினாலும் சரி, இப்படி எழுதினாலும் சரி என்ற நிலைமைதான்.

போட்டோவுக்கு வருகிறேன். ஜிபிஎஸ் கேமரா ஆப் இறக்கி, மண்புழு உரக்குழியைப் பல கோணத்தில் எடுத்தேன். போனுக்கு என்ன கோபமோ, முந்தைய நாள் நான் விருந்து சாப்பிட்ட கல்யாண மண்டபத்தின் முகவரியையே எல்லாப் படத்திலும் அச்சடித்திருந்தது. ஆவணப்படி எங்கள் பல்கலைக்கழகத்தின் மண்புழுக்கள் மணமேடைக்குப் பக்கத்தில் வளர்கின்றன.

அதற்கடுத்து 'வளாகத்தில் குப்பை எரிப்பதில்லை' என்ற வரிக்கு ஒரு படம். மரமும் புல்லுமாக இருந்த மூலை ஒன்றைப் பார்த்து எடுத்தேன். மேடம் படத்தைப் பெரிதாக்கி, "பின்னாடி வெள்ளையா இருக்கே, மேகமா சார்?" என்றார். மேகம் தரையிலிருந்து கிளம்பியிருந்தது. குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே நாடு முழுவதற்கும் தடை போட்டு, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் சொல்லிவிட்டது. என் படத்தில் இருந்தது எந்த ரகம் என்று மேடம் கேட்டார். புகையின் அளவைப் பார்த்தால் 25,000 என்றேன். படத்தை வெட்டிச் சின்னதாக்கச் சொல்லிவிட்டார்.

அன்று நடப்பில் இருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடம் 'மொத்தக் கழிவு உற்பத்தியாளர்' கணக்கில் வந்தது. அந்தப் பட்டியலில் பல்கலைக்கழகத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருந்தார்கள். மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே பக்குவப்படுத்த வேண்டும் என்று ஏகப்பட்ட பொறுப்பும் இருந்தது. நாம் எத்தனை கிலோ என்று எஸ்டேட் ஆபீஸில் கேட்டேன். "போன தடவை என்ன போட்டோம்னு பாருங்க சார், அதையே போட்டுருங்க" என்றார்கள். போன தடவையும் அதற்கு முந்தைய தடவை போட்டதைத்தான் போட்டிருந்தார்கள்.

நான் விடவில்லை. எத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்கு 'சாம்பிளிங்' நடத்துகிறேன்! வீட்டிலிருந்து வெயிட் பார்க்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றேன். தூய்மைப் பணியாளர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். மெஸ் குப்பைப் பையை மெஷின் மேல் வைத்தால் எண் தெரியும் இடத்தைப் பையே மூடிக்கொண்டது. சரி, பையை நான் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன், பிறகு என் எடையைக் கழித்துக்கொள்ளலாம் என்றேன்.

"அப்போ முதல்ல சார் மட்டும் ஏறுங்க" என்றார் மேஸ்திரி அக்கா. ஏறினேன். குனிந்து பார்த்து, மைதானத்துக்கே கேட்கும்படி "எம்பத்தாறு!" என்றார். பிறகு பையோடு ஏறினேன். பையிலிருந்து நேற்றைய சாம்பார் என் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "தொண்ணூத்தி எட்டு. குப்பை பன்னெண்டு கிலோ. சாரைவிடக் கம்மிதான்" என்று தீர்ப்புச் சொன்னார். கழித்தல் கணக்கு அவருக்கு என்னைவிட வேகமாக வந்தது.

அடுத்த நாள் அவரே பழைய பேப்பர்காரரிடம் சொல்லி ஒரு தொங்கு தராசை வாங்கி வந்தார். தார்ப்பாய் விரித்து, ஒரு நாள் குப்பையைக் கொட்டி, ரகம் பிரித்து, ரகவாரியாக எடை போட்டோம். தணிக்கை என்பது இதுதான் என்று பிற்பாடு புத்தகத்தில் படித்தேன். வழிகாட்டியவர் புத்தகம் படித்திருக்கவில்லை. காலை இடைவேளைக்குள்ளேயே 100 கிலோவைத் தாண்டிவிட்டோம். போன தடவைக் கணக்கில் நாள் முழுவதற்குமே 95தான் இருந்தது. அந்த 95 எப்படி வந்தது என்று இப்போது எனக்கும் உங்களுக்கும் புரிகிறது.

தராசைக் கழற்றும்போது அக்கா சொன்னார்: "தொட்டிக்கு வர்றதை எடை போட்டு என்ன சார் பண்ணப்போறீங்க? தொட்டிக்கு வராததுதான் ஜாஸ்தி. வாங்க காட்டுறேன்." ஆர்டரின் தலைப்பிலேயே 'முறைகேடாகக் கொட்டப்படும்' என்று இருந்தது. அதுவரை தொட்டிகளையே சுற்றிச் சுற்றித் தணிக்கை செய்துகொண்டிருந்தேன்.

மைதானத்துக்குப் பின்னால் சீமைக்கருவேலங்காடு. அதற்கு அப்பால் காம்பவுண்டு சுவர், சுவரில் ஒரு சந்து. காட்டுக்குள் வண்டி போய்த் திரும்பும் அளவுக்கு நல்ல தடம். தடத்தின் இருபுறமும் ரப்பீஸ், உடைந்த வாஷ்பேசின், டைல்ஸ் சில்லு, தெர்மாகோல், டியூப்லைட் கட்டு, சக்கரம் போன நாற்காலிகள், ஃபேர்வெல் பார்ட்டி பிரியாணிப் பொட்டலங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் கப்புகள், தடையையே அறியாதவை போலப் புத்தம் புதுசாக. பக்கத்து ஊர் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சென்னை ஐஐடி வளாகத்தில் செத்துப்போன மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததாக முன்பு செய்தி வந்ததே, அது ஞாபகத்துக்கு வந்து ஆடுகளை விரட்டினேன். ஆட்டுக்காரப் பாட்டி என்னை விரட்டினார்.

யார் கொட்டுகிறார்கள்? செக்யூரிட்டி, எஸ்டேட் ஆபீஸ், இன்ஜினியரிங் பிரிவு, ஹாஸ்டல் வார்டன், எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "வெளியாளுங்க சார். ராத்திரி குட்டியானையில வந்து கொட்டிட்டு ஓடிர்றாங்க." தணிக்கையில் இவ்வளவு ஒற்றுமையான சாட்சியம் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும் என்பார்கள். நான் நெகிழ்ந்துபோனேன். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ராத்திரி பத்து மணிக்குக் காரைக் காட்டோரம் விளக்கணைத்து நிறுத்திக் காத்திருந்தேன். கொசுவுக்கு ஆல் அவுட் எல்லாம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. புதிதாகச் சேர்ந்த செக்யூரிட்டி. "இங்க என்ன சார் வேலை?" தணிக்கை என்றேன். "டிக்கியைத் திறங்க." திறந்தேன். அன்று காலை பேட்டரி வண்டியைத் தவறவிட்ட எங்கள் வீட்டுக் குப்பைப் பை அங்கே கம்மென்று உட்கார்ந்திருந்தது. போகிற வழியில் ஏதாவது தொட்டியில் போட்டுவிடுங்கள் என்று மனைவி வைத்தது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இதை எப்படி விளக்குவது?

அவர் விளக்கம் கேட்கவில்லை. வண்டி எண்ணையும் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டார். செக்லிஸ்ட்டில் 'அத்துமீறிக் கழிவு கொட்டுவோர் குறித்த பதிவேடு பராமரிக்கப்படுகிறதா?' என்று ஒரு கேள்வி இருந்தது. பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். அந்த வருஷம் முழுவதற்கும் ஒரே ஒரு பதிவு. கையெழுத்தும் தெளிவாக இருந்தது.

பதிவேட்டில் வேறு யாரும் இல்லையென்றால் குப்பையைத்தான் கேட்க வேண்டும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்களே, அது எந்த ஊர் ஆஸ்பத்திரியுடையது என்று காட்டிக்கொடுத்தவை அதற்குள் கிடந்த காகிதங்கள்தான். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளமே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அதே வழியில் நானும் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினேன். வெளியாளின் விலாசம் கிடைத்தால் போதும்.

கிடைத்தது. ஸ்பைரல் பைண்டிங் செய்த அசைன்மென்ட் கட்டு ஒன்றை அக்கா குச்சியால் தள்ளி, "இது யார் சார்?" என்றார். அட்டையில் சிவப்பு மையில் 'குட்', 18/20, கீழே என் சுருக்கெழுத்து. ஒன்றல்ல, ஒரு வகுப்பே கிடந்தது. பிளாஸ்டிக் அட்டையும் சுருள் கம்பியும் இருந்தால் பழைய பேப்பர்காரர் எடுக்க மாட்டார், பிரித்துப் போட யாருக்கும் நேரமில்லை, டிபார்ட்மென்ட்டில் இடமும் இல்லை. ஸ்பைரல் இல்லாமல் அசைன்மென்ட் வாங்க மாட்டேன் என்று சொன்னதும் நான்தான். ஒன்றைப் புரட்டினேன். பாதிப் பக்கங்கள் தலைகீழாக பைண்ட் ஆகியிருந்தன. அதற்கும் 'குட்' போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு காடு முழுக்க எங்கள் ஆட்களாகவே தெரிய ஆரம்பித்தது. நாற்காலிகளின் முதுகில் வெள்ளை பெயின்டில் துறையின் பெயரும் ஸ்டாக் நம்பரும். பிரின்டர் ஒன்றின் வயிற்றில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் ஸ்டிக்கர். எந்த வெளியாளும் ஸ்டாக் நம்பர் எழுதிக் குப்பை கொட்டுவதில்லை.

ஏன் இப்படி என்று ஸ்டோர் கீப்பரிடம் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், நாற்காலி உடைஞ்சா உடனே செத்ததா அர்த்தமில்ல. கண்டெம் ஆகணும்." கண்டெம் ஆக, அதாவது உதவாதது என்று கணக்கிலிருந்து கழிக்க, துறைத்தலைவர் எழுத வேண்டும், கண்டெம்னேஷன் கமிட்டி கூட வேண்டும், மதிப்புப் போட வேண்டும், ஏலம் விட வேண்டும். கமிட்டி கூடுவதற்குள் உறுப்பினர் ரிட்டயர் ஆகிவிடுவார். அதுவரை அந்த நாற்காலி ஸ்டாக் ரெஜிஸ்டரில் நாலு காலோடு நல்லபடியாக உட்கார்ந்திருக்கும். இடத்தை அடைக்கிறதே என்று வராண்டாவுக்கு, வராண்டாவிலிருந்து மொட்டை மாடிக்கு, மொட்டை மாடியிலிருந்து ஒரு நீண்ட விடுமுறையில் காட்டுக்கு. கேட்டால், ஸ்டாக் வெரிஃபிகேஷன் அன்று பக்கத்துத் துறையிலிருந்து ஒரு நாற்காலியை இரவல் வாங்கிக் காட்டுவார்கள். நானே ஒரு முறை கொடுத்திருக்கிறேன்.

இ-வேஸ்ட்டுக்கு இன்னும் ஒரு சுற்று. 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டரை மறுசுழற்சியாளர் போன்ற பதிவு பெற்றவரிடம்தான் சேர்க்க வேண்டும், காயலான் கடைக்குத் தூக்கிப்போடக் கூடாது. நல்ல விதி. ஆனால் அவரை வரவழைக்க ஒரு ஃபைல், ஃபைலுக்கு ஒரு கொட்டேஷன், கொட்டேஷனுக்கு இன்னும் இரண்டு கொட்டேஷன். பாதரசம் இருக்கும் டியூப்லைட்டுக்கு அந்த ஃபைலும் கிடையாது. ஒழுங்காகத் தூக்கிப்போடுவதற்குப் பத்துக் கையெழுத்து, காட்டில் போடுவதற்கு ஒரு சாவி. இதில் மனிதர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதை இன்சென்டிவ் என்ற தலைப்பில் நான் இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். என் வாசலுக்கு வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது ரப்பீஸ். அதிலாவது வெளியாள் இருப்பான் என்று நம்பினேன். ஒரு வகையில் இருந்தான், எங்கள் கான்ட்ராக்டர். பழைய லேப் பாத்ரூமை இடித்தபோது வந்த டைல்ஸ், அதே பச்சை. இன்ஜினியரிங் பிரிவில் எம்-புக்கை, அதாவது வேலைகளின் அளவுப் புத்தகத்தை, எடுத்துக் காட்டினார்கள். 'இடிபாடுகளை அப்புறப்படுத்துதல்' என்று தனி அயிட்டம், வண்டிச் சத்தத்துக்கு லீட், அதாவது கொண்டுபோகும் தூரம், எட்டு கிலோமீட்டர், பில்லும் பாஸாகியிருக்கிறது. லேபிலிருந்து காட்டுக்கு நானூறு மீட்டர் இருக்கும். "போச்சுன்னு லெட்டர் குடுத்திருக்கார் சார்" என்றார்கள். லெட்டரின் நகலை வாங்கி, 'ஆதாரம் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி ஃபைலில் வைத்தேன். இடிப்புக் கழிவுக்கென்றே 2016இல் தனி விதிகள் வந்திருந்தன. ஒரே நாளில் 20 டன்னோ, ஒரு திட்டத்துக்கு மாதம் 300 டன்னோ தாண்டினால் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என்று பிரித்தே கொடுக்க வேண்டும் என்று அவற்றில் இருந்தது. எங்களுடையது அந்த அளவுக்கு இல்லை என்றார்கள். எடை போட்டால்தானே தெரியும், எடை போட்டீர்களா என்று கேட்க வேண்டும் என்பது எனக்கு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றும்போது தோன்றியது.

இதற்கு நடுவில் காட்டில் ஒரு போர்டு வைத்தோம். 'இங்கே குப்பை கொட்டுவது தண்டனைக்குரியது.' கான்ட்ராக்டரின் டிரைவர் போனில் யாருக்கோ வழி சொல்வதை நானே கேட்டேன்: "தண்டனைன்னு ஒரு போர்டு இருக்கும், அதுக்கு லெஃப்ட்ல."

நாக் குழு வந்த அன்று காட்டை மறைத்துப் பச்சை வலை கட்டியிருந்தார்கள். குழுவில் ஒருவர் அதைப் பார்த்து, நர்சரியா என்று ஆர்வமாக விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்டேட் ஆபீசர் "ஆமா சார், நாட்டு ரகங்கள்" என்றார். நான் தலையாட்டினேன். கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முந்தின ராத்திரி கண்ணாடி முன்னால் பேசியெல்லாம் பார்த்திருந்தேன்.

அறிக்கையில் ஒன்றே ஒன்றை மட்டும் தைரியமாக எழுதினேன். கண்டெம் ஆகக் காத்திருக்கும் சாமான்களுக்குப் பூட்டுப் போட்ட ஒரு ஷெட் வேண்டும், கமிட்டி வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கூட வேண்டும். கமிட்டி கூடும் என்பதை யாரும் நம்பவில்லை. ஷெட் மட்டும் சாங்ஷன் ஆகிவிட்டது. சிமென்ட் சம்பந்தப்பட்ட பரிந்துரை எதுவும் எங்கள் ஊரில் தேங்குவதில்லை.

ஷெட்டுக்காகப் பழைய சைக்கிள் ஸ்டாண்டை இடித்தார்கள். அதே கான்ட்ராக்டர். இந்த முறை நான் உஷார். லெட்டர் எல்லாம் வேண்டாம், எடைமேடை ரசீது இருந்தால்தான் கன்வீனர் கையெழுத்து என்று கறாராகச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, மறுநாளே ரசீதுகளைக் கொண்டுவந்து வைத்தார். வண்டி எண், லோடு எடை, காலி வண்டி எடை, நிகர எடை, தேதி, நேரம். ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன், கணக்கு அச்சாக இருந்தது. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு, பெருமையாக மேடத்தின் மேஜையில் வைத்தேன்.

ரசீதில் 'சரக்கு' என்று ஒரு கட்டம் உண்டு. மேடம்தான் படித்தார். எல்லாவற்றிலும் 'தவிடு' என்று இருந்தது.